மேடையை விட்டு இறங்காத யாழினி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

நாடக வேலையை விட்டுவிட்டு ஓசூருக்கே வந்துவிடச் சொன்னீர்கள். முதலில் இதைக் கேளுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையையே நடிக்கும் எங்கள் நாடகம் ஞாயிறன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மகள் யாழினி, பத்தாவது முடித்ததும் தனக்குக் கல்யாணம் பேசியதையும், அதைத் தானே நிறுத்தியதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பார்த்த அவள் மாமா கூட்டத்தில் எழுந்துவிட்டார்.

"வீட்டு விஷயத்த ஊருக்கு ஏன் சொல்ற? கீழ இறங்கு!"

மண்டபக்காரர் ஓடிவந்து, ஓரத்தில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அதை அணைக்கச் சொன்னார். நான் அணைக்கவில்லை. யாழினியும் அசையவில்லை.

"வீட்ல யாரும் என்னைப் பேச விடல மாமா. அதான் இங்க பேசுறேன். உட்காந்து கேளுங்க."

"உட்காருங்கண்ணே, அவ சொல்லட்டும்" என்றார் அவள் அம்மா.

மாமா வெளியே போய்விட்டார். யாழினி முழுவதையும் சொல்லி முடித்தாள்.

பயப்படாதீர்கள், அடிதடி எதுவும் இல்லை. மண்டபம் இனி கிடைக்காது, அவ்வளவுதான். அடுத்த வாரம் கே.கே. நகரில் ஒரு மொட்டை மாடியில் போடுகிறோம்.

அம்மாவிடம் சொல்லிப் பருப்புப் பொடி அனுப்புங்கள். போன் செய்தால் "சாப்டியா"ன்னு ஒரு தடவை கேளுங்கள். இங்கே யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்துவிட்டார்கள். நான் ஊருக்கு வரப்போவதில்லை அப்பா. நீங்கள் நாடகம் பார்க்க வாருங்கள்.

உங்கள் மகள்,
அனுசுயா