கஞ்சி ஆறிய பக்கம்

அப்பா,

உங்கள் படப்புத்தகம் திருவானைக்காவலில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. காய்ச்சலில் கிடக்கிறேன். மகள் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தருகிற புத்தகமாம். நல்லா சொல்லித்தந்தீங்க, போங்க!

நடுப்பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தோள்பட்டை வலித்தது. கட்டிலில் அம்மா. முக்காலியில் நான், கையில் கஞ்சிக் கரண்டி. பக்கத்தில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நீங்கள்.

நீங்கள் எங்கே கிண்ணம் பிடித்தீர்கள்? மருந்து வாடையில் தலை வலிக்கிறது என்று கூடத்தில் படுத்தவர் நீங்கள். ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த அறைக்குள் வந்தால் வரைபலகையோடுதான் வருவீர்கள். சிறுநீரகம் கெட்டுப்போன அம்மாவுக்கு எதைத் தின்றாலும் குமட்டும். அன்றைக்குத்தான் அவளாகவே, "கொஞ்சம் சூடா கஞ்சி குடுடி கண்ணு" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாமி வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். முதல் கரண்டி அவள் உதட்டருகே போகையில் நிலைப்படியிலிருந்து உங்கள் குரல்: "அப்படியே இரு! அசையாதே!"

ஆறு வயசுக் கை எவ்வளவு நேரம் தாங்கும்? அம்மா வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஒரு தரம் மட்டும், "போதும்ங்க, குழந்தைக்குக் கை வலிக்குது" என்றாள். "வாயை மூடாதே, கோடு கெட்டுடும்" என்றீர்கள். நீங்கள் பென்சிலைக் கீழே வைத்தபோது கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. வாசனை பட்டதுமே அவளுக்குக் குமட்டிவிட்டது. "எடுத்துட்டுப் போயிடு கண்ணு." அதற்கப்புறம் அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த மாசமே போய்ச் சேர்ந்தாள்.

புத்தகத்துக்காகத் திருச்சியில் பொன்னாடை போர்த்தினார்கள். மனைவிக்குச் செய்த பணிவிடையை மைக்கில் சொல்லிக் கண் கலங்கினீர்கள். முன்வரிசையில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் வருகிறது. செத்தவரைத் திட்டக்கூடாதாம். நான் திட்டுவேன்.

மத்தியானம் மகள் புத்தகத்தைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, அவள் அப்பா வைத்த கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து என் வாயருகே நீட்டினாள். படத்தில் இருப்பது பாட்டி என்று அவளுக்குத் தெரியும்.

"அசையாதேம்மா. பாட்டி மாதிரியே இரு."

லபக்கென்று வாங்கி விழுங்கினேன். நாக்குச் சுட்டது. சுடட்டும், என் வீட்டில் கஞ்சி ஆறக்கூடாது.

அவள் சிரித்துவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாள். "தாத்தாதான் பாட்டியைப் பாத்துக்கிட்டாராம்மா?"

"இல்லடி. வரைஞ்சுக்கிட்டு இருந்தார்."

"அப்ப பாட்டி இந்தக் கஞ்சியைக் குடிக்கவே இல்லையா?"

"இல்ல."

அவள் கிண்ணத்தில் விரலை விட்டு, சூட்டில் உதறிக்கொண்டே, படத்தில் திறந்திருந்த அம்மாவின் வாயில் கஞ்சியைத் தடவினாள். தாள் நனைந்து ஊறிவிட்டது. நூலகத்தில் திட்டுவார்கள். நான் துடைக்கவில்லை.

உங்கள் கோடு கெட்டுப்போச்சு, அப்பா.