கதிரைகள் சபைக்கு நீ தலைவனாக இருந்ததில்லை

என் அன்புத் தம்பி குலேந்திரனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன்னுடைய நினைவுக் கல்வெட்டு அச்சாவதை நான் நிறுத்திவைத்தது, அதில் என் பெயர் கடைசியாக வந்துவிட்டது என்ற கோபத்தில் அல்ல. இங்கே ஜெர்மனியில், ஹம்மிலும் டோர்ட்மண்டிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். தமிழ்க் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே, என் காதுபடவும் சொல்கிறார்கள். என் பெயர் எந்த இடத்தில் வந்தாலும் எனக்குக் கவலையில்லை. எழுத்துப்பிழை இல்லாமல் வந்தால் போதும்.

நிறுத்தியதற்குக் காரணம் நீ. செத்த பிறகும் நீதான்.

உன்னை அறியாதவர்களும் இந்தப் பகிரங்கக் கடிதத்தை வாசிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நீ கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போனவன். போன இடத்தில் மதுக்கடைகளின் பின்னறைகளில் ஆங்கிலத்தில் பகிடி விடத் தொடங்கினாய். பிறகு தொலைக்காட்சி. ஒரு மந்திரியைக் கூப்பிட்டு எதிரே இருத்திவிட்டு, கேள்வியை அவரிடமும் பதிலை உன் மடியில் இருந்த இஸ்திரிப் பெட்டியிடமும் கேட்டாய். பெட்டி ஏதோ சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டு, மந்திரியைச் சந்தேகமாகப் பார்த்தாய். அடுத்து உன்னை நம்பி ஒரு தோட்ட நிகழ்ச்சியை ஒப்படைத்தார்கள். காலில் போடும் சப்பாத்துகளை நட்டுத் தண்ணீர் ஊற்றினாய். வாரக்கணக்கில் ஊற்றினாய். ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கு விருது கொடுத்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உன்னிடமே கேட்டேன். "ஒண்டும் இல்லை அக்கா, அதுதான் விசயமே" என்றாய். அது ஒரு பதிலா?

அதையாவது விட்டுவிடலாம். சேலை உடுத்து, என்னுடையதைப் போன்ற கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கறிக்கு வெட்டுகிற ஒரு முட்டைக்கோவாவின் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தினாயே, அதை எப்படி விடுவது? கன்னியாஸ்திரிகளிடம் நான் கற்று உனக்குச் சொல்லித் தந்த உச்சரிப்பு அது. இங்கிலாந்தே விழுந்து விழுந்து சிரித்தது. உன் அத்தானும் கதிரையில் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அவர் போய்விட்டார், அவரை மன்னித்துவிட்டேன். உன்னை இன்னும் இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நீ பேசியது அவ்வளவும் அர்த்தமற்றது. ஆனால் ஒரு வசனத்திலும் இலக்கணப் பிழை இருந்ததில்லை.

இனிக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில், செத்தவருடைய வரலாற்றைப் படத்தோடு அச்சடித்துக் கொடுக்காமல் நம்மவர்கள் யாரையும் வழியனுப்புவதில்லை. அந்த வரலாற்றில் பட்டம் பதவி இல்லாவிட்டால் அவர்களுக்கு மை இறங்காது. நம் சங்கத்துச் செயலாளர் நடேசன் உன் பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் கணினியில் தேடிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நீ முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உன்னை ஒரு புதுப் பதவியோடு அறிமுகப்படுத்துவாயே, அவற்றை மனிதர் பக்தியோடு எழுதியெடுத்துவிட்டார். என்னிடம் பார்வைக்குக் கொண்டுவந்த பக்கத்தில் உன் பெயருக்குக் கீழே இருந்தவை இவை: பிரித்தானியக் கதிரைகள் சபையின் முன்னாள் தலைவர், ஈர மேகங்களுக்கான சிறப்புப் பேராசிரியர், அரச குடைகளின் மனநல ஆலோசகர்.

"கதிரைகளுக்கு ஒரு சபை இருக்கோ, தம்பி?" என்று நடேசனிடம் கேட்டேன்.

"இங்கிலாந்தில எல்லாத்துக்கும் சபை இருக்குத்தானே அக்கா. ஹம்மில எங்களுக்கே மூண்டு சங்கம் இருக்கு."

"குடைக்கு மனநலம்?"

"அது எனக்கும் கொஞ்சம் இடிச்சதுதான். ஆனால் அவரே தன்ர வாயால சொன்னவர். வடிவாக் கேட்டுத்தான் எழுதினனான்."

"அது பகிடி. அவன்ர தொழிலே பகிடி. அதைப் போடுங்கோ."

"ஐயோ அக்கா, செத்தவரைப் பகிடிக்காரன் எண்டு போடேலாது. நாலு சனம் வாசிக்கிறது. அப்ப ஊடகவியலாளர் எண்டு போடுவம், என்ன?"

"அவன் செய்தி வாசிச்சவனே? சப்பாத்து நட்டவன்."

நடேசன் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அடுத்த நாளே, என் பெயர் கடைசியில் வந்த கோபம்தான் எனக்கு என்று ஊரில் கதை மாறிவிட்டது.

இப்படி நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? கண் இமைக்காமல் அந்தப் பதவிகளைச் சொன்னபோது, எங்கள் சனம் ஒருநாள் நம்பும் என்று நினைத்துத்தான் சொன்னாயா? அப்படியென்றால் அது கெட்ட பகிடி, குலம். அதைச் சுமக்க வேண்டியவள் நான்.

உன் தொழிலை நான் மதித்ததில்லை. இனியும் மதிக்கப் போவதில்லை. அது என் உரிமை. உன்னோடு முகத்துக்கு முகம் சண்டை பிடித்துப் பெற்ற உரிமை. உன் ஒரு நிகழ்ச்சியையும் முழுதாகப் பார்க்காதவர்களுக்கு, நீ வாழ்நாள் முழுதும் செய்த வேலையை ஒளித்துவைக்க என்ன உரிமை? வெட்கப்படுவதென்றால் நான் வெட்கப்படுகிறேன். அவர்கள் ஏன் எனக்காக வெட்கப்பட வேண்டும்?

கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது உனக்கு மூச்சு வாங்கியது. "என்னைப் பெரிய மனுசனாக்கிப் போடாதேங்கோ அக்கா" என்றாய். அன்று அதையும் பகிடி என்றுதான் நினைத்தேன். இன்று சொல்கிறேன்: ஆக்கவிட மாட்டேன். மண்டபத்துக்கு டெர்மின் எடுத்து நாளும் குறித்தாயிற்று, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. உன் தொழிலின் பெயர் இல்லாத கல்வெட்டு ஒன்றுகூட அங்கே ஒருவர் கைக்கும் போகாது. வாசலில் நானே நிற்பேன். இது உனக்கு என் வாக்கு.

நடேசனும் சங்கத்தாரும் இதை வாசிப்பார்கள். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். என் தம்பியின் பெயருக்குக் கீழே "நகைச்சுவையாளர், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநர்" என்று மட்டும் அச்சிடுவீர்களா, மாட்டீர்களா? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் அக்கா,
சரோஜினி