நீ முன்கூட்டி எடுத்து வச்ச பாடங்கள்

என் செல்லச் சண்டைக்காரி கோமுவுக்கு,

உன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைங்களோட கணக்கு வகுப்பு இப்ப என் கையில இருக்கு. கேட்டதும் நீ எப்படிச் சிரிப்பேன்னு தெரியும். "மாட்டுனியாடி சாந்தி?"ம்பே. மாட்டிக்கிட்டேன். உன் பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சு, பள்ளி விடுமுறையும் முடிஞ்சு, திறந்த அன்னிக்குக் காலையிலயே தலைமையாசிரியர் கூப்பிட்டாரு. "கோமதி டீச்சர் வகுப்ப நீங்கதான் பாத்துக்கணும், வேற ஆள் வர்ற வரைக்கும்"னாரு. வேற ஆள் இப்போதைக்கு வராதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உலகத்துல அத்தனை பேர் இருக்க, உன் முறைய வாய் வலிக்க எதிர்த்த என்கிட்டயா வந்து சேரணும் அது?

வீடு இருக்குற பெர்மாஸ் ஜெயாவுல இருந்து பள்ளிக்கூடம் இருக்குற தெப்ராவுக்கு ஒரே கார்ல போய் வந்த காலம் முழுக்க நமக்கு இதே சண்டைதானே. பாடத்த நீ உன் வீட்டு அடுப்படியில நின்னு வீடியோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிடுவே. பிள்ளைங்க வீட்டுல அதப் பாத்துட்டு வரணும். வகுப்புல நீ பாடமே நடத்தமாட்டே. அவங்க கூட்டம் கூட்டமா உக்காந்து கணக்குப் போடுவாங்க, நீ நடுவுல சுத்தி வருவே. "பள்ளிப்பாடம் வீட்டுல, வீட்டுப்பாடம் பள்ளிக்கூடத்துல. தலைகீழா நிக்கிறியே, அப்புறம் டீச்சர்னு ஒருத்தி எதுக்குடி?"ன்னு நான் கத்துவேன்.

நீ ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டே நிதானமா சொல்லுவே. "நீ முன்னால நின்னு பேசுறப்ப பிள்ளைக்கு உன் உதவி வேணாம், சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும். கணக்கு வராம முழிக்கிறப்பதான் வேணும். அப்ப அது வீட்டுல தனியா இருக்கு. முழிக்கிற நேரத்துல பக்கத்துல நிக்கிறதுக்குத்தான் டீச்சர்." நான் உடனே ரேடியோ சத்தத்தக் கூட்டி வைப்பேன்.

ஒரே ஒரு தடவை உன்ன மடக்குனேன், ஞாபகம் இருக்கா? "பாதி வீட்டு ஹேண்ட்போன் விடியறதுக்கு முன்னாலயே வேலைக்குப் போற அப்பனோட பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிடுது. அப்பன் திரும்பி வர்றப்ப பிள்ளை தூங்கிப் போயிருக்கும். அது எதுலடி பாக்கும்?"னு கேட்டேன். அடுத்த வாரமே நீ எங்கிருந்தோ பழைய டேப்லட் ரெண்டக் கொண்டுவந்து, காலையில எல்லாரும் வரிசையில நிக்கிற சபைகூடலுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைங்கள சிற்றுண்டிச்சாலையில உக்கார வச்சுட்டே. கையில ஆளுக்கு ஒரு பன்னு வேற. நீ எப்படா தோப்பேன்னு காத்திருந்தவளுக்கு அன்னிக்கு வயித்தெரிச்சல்தான்.

சரி, இப்ப நடக்குறதச் சொல்றேன்.

முதல் நாள் நான் பண்ணுன கூத்தக் கேளு. நீ எடுத்து வச்சிருந்த வீடியோவ குரூப்புக்கு அனுப்பிட்டு, நானும் வீட்டுல ஒழுங்காப் பாத்தேன். பாத்துட்டு வகுப்புக்குப் போய், பழக்க தோஷம், அதையே வெண்பலகையில முதல்ல இருந்து நடத்த ஆரம்பிச்சுட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு நம்ம தினேஷ் கையத் தூக்குனான். "டீச்சர், இத நேத்தே வீடியோவுல கோமதி டீச்சர் சொல்லிட்டாங்களே." மறுநாள் பாதிப் பேர் வீடியோவே பாக்காம வந்து நின்னாங்க. ஏன்டான்னா, "நீங்கதான் திரும்பச் சொல்வீங்களே டீச்சர்!"

அலமாக்! அப்பதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. பாத்துட்டு வந்தத மறுபடி நடத்துனா, நாளைக்கு ஒருத்தனும் பாக்கமாட்டான்னு நீ எத்தனை தடவை சொல்லியிருக்கே.

அதுக்கப்புறம் வாய மூடுனேன். என் வாய், கோமு! அது எவ்வளவு பெரிய வேலைன்னு உனக்குத்தான் தெரியும். மேசைக்கு மேசை போய்க் குனிஞ்சு நின்னதுல முட்டி கழண்டு போச்சு. ஆனா ஒண்ணு பாத்தேன். சர்வின் இருக்கான்ல, போன வருஷம் என் வகுப்புல நான் எது சொன்னாலும் பெருமாள் மாடு மாதிரித் தலைய ஆட்டுவானே, அவன் பின்னத்தக் கூட்டுறப்ப மேலயும் கூட்டுறான், கீழயும் கூட்டுறான். பலகைப் பக்கம் நின்னவரைக்கும் அந்தத் தலையாட்டுதான் எனக்குத் தெரிஞ்சுது. அவன் பக்கத்துல குனிஞ்ச அன்னிக்குத்தான் நோட்டு தெரிஞ்சுது. நீ ஜெயிச்சுட்டேன்னு இன்னும் சொல்லமாட்டேன். கொஞ்சம் ஜெயிச்சே.

சாயங்காலம் ஆனா தெப்ராவுல வீட்டுக்கு வீடு உன் குரல்தான். ஒரு அம்மா பள்ளிக்கூட கேட்டுல என்னைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர் வீட்டு குக்கர் விசில் அடிச்சதும் நான் எந்திரிச்சுப் போய் என் அடுப்ப அணைக்கிறேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே கண்ணத் துடைச்சுக்கிட்டாங்க. இறந்தவங்க வீடியோவப் பிள்ளைங்க பாக்கலாமான்னு ரெண்டொருத்தர் கேட்டாங்க. இறந்தவங்க எழுதுன புத்தகத்தப் படிக்கிறோம்ல, அப்படித்தான்னு சொல்லிட்டேன். சொன்னது தைரியமாத்தான் சொன்னேன். ஆனா ஒவ்வொரு தடவையும் உன் முகத்த ஒருக்கா பாத்துட்டுத்தான் அனுப்புற பொத்தான அமுக்குனேன்.

நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்ச நாள்ல, முடி கொட்டுன தலையில துண்டக் கட்டிக்கிட்டு, வருஷக் கடைசி வரைக்கும் உள்ள பாடத்தையெல்லாம் எடுத்து முடிச்சுட்டியே. அப்பவே உனக்குத் தெரியுமா? ஏன்டி என்கிட்ட சொல்லல?

இப்ப லோஷினிக்கு வர்றேன். உன் மக அதே வகுப்புல இருக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலையாப் போச்சு. நல்லா சாப்பிடுறா, அவ அப்பா சேகர் அண்ணன் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே தலை பின்னிக்கிறா, பள்ளிக்கு நேரத்துக்கு வர்றா. ஆனா உன் வீடியோவ மட்டும் பாக்கல. ஒண்ணு கூட. பாக்காததால வகுப்புல ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தா. கூட்டத்துல பிள்ளைங்க "அதுல டீச்சர் ரொட்டி சானாய வெட்டுனாங்கள்ல"ன்னு ஆரம்பிச்சாப் போதும், ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்குவா.

பிள்ளைக்குத் தாங்கலன்னு நினைச்சேன். நான் மட்டுமில்ல, எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். அம்மாவப் பத்தி நாள் பூரா நாலு பேர் பேசுனா எந்தப் பிள்ளைக்குத்தான் தாங்கும்? வீடியோ அனுப்புறத நிறுத்திட்டேன். பழையபடி நானும் என் வெண்பலகையும். என் இஷ்டப்படிதானே எல்லாம் நடக்குது, ஆனா மனசு நிறையல. சர்வின் மறுபடி தலையாட்ட ஆரம்பிச்சுட்டான். ஒரு பிள்ளைக்காக வகுப்ப விடுறதா, வகுப்புக்காக உன் பிள்ளைய விடுறதா? இந்த மாதிரி நேரத்துல நான் உன்னத்தானேடி கேப்பேன்?

ஒரு நாள் ஓய்வு நேரத்துல அவளே ஆசிரியர் அறைக்கு வந்தா. "ஏன் டீச்சர் அம்மா வீடியோவ நிறுத்திட்டீங்க?"

"உனக்குக் கஷ்டமா இருக்கேன்னுதான்மா."

"கஷ்டம் இல்ல டீச்சர். நான் சேத்து வச்சிருக்கேன்."

எனக்குப் புரியல. அவ நகத்தக் கடிச்சுக்கிட்டே சொன்னா. "எல்லாத்தையும் பாத்துட்டா அதுக்கப்புறம் அம்மா புதுசா எதுவும் பேசமாட்டாங்க இல்ல? போட்டோ, பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் எனக்கு மனப்பாடம். இது மட்டும்தான் நான் இன்னும் கேக்காதது. இவனுங்க முன்னாலயே சொல்லிட்டா வீணாப் போயிடும். அதான் காத மூடிக்கிறேன்."

அழுதுட்டேன் கோமு. ஆசிரியர் அறைன்னு கூடப் பாக்கல. அவதான் மேசையில இருந்து டிஷ்யூ எடுத்துக் குடுத்தா.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். மத்தப் பிள்ளைங்களுக்கு வீடியோ பழையபடி போகும். லோஷினிக்கு மட்டும் தினம் சபைகூடலுக்கு முன்னாடி, காலி வகுப்பறையில, நானே பாடம் நடத்துவேன். மார்க்கர் பேனாவும் என் தொண்டையும்தான், ஒரே ஒரு மாணவி. அதக் கேட்டுக்கிட்டு அவ மத்தவங்களோட கணக்குப் போட உக்காந்துடுவா. நீ கேலி பண்ணுன என் பழைய முறை கடைசியில யாருக்கு உதவுச்சு பாத்தியா? அப்பாடா, இந்த ஒரு இடத்துல நான் ஜெயிச்சுட்டேன்.

வகுப்புலயும் சொல்லி வச்சேன். கணக்கப் பத்திப் பேசலாம், வீடியோவுல டீச்சர் என்ன சொன்னாங்க, என்ன பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. தினேஷ் உடனே, "ஸ்பாய்லர் கூடாது, அவ்வளவுதானே டீச்சர்? போலே, போலே"ன்னான். முடியுமாம் அவனால! ரெண்டு நாள் கழிச்சு, "அந்தப் பூனை வந்து"ன்னு வாயத் திறந்துட்டான். மொத்த வகுப்பும் "டேய்!"னு ஒரே கத்து. பொத்துன்னு தன் வாயில தானே அடிச்சுக்கிட்டான். லோஷினி சிரிச்சா. நீ போன பிறகு பள்ளிக்கூடத்துல அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

போன வாரம் விழுக்காட்டுல கழிவுக் கணக்கு. கால்ல போடுற சப்பாத்துக்குக் கடையில இருபது விழுக்காடு கழிவு, எவ்வளவு கட்டணும்? லோஷினி கழிவ மட்டும் கண்டுபிடிச்சு அதையே விடைன்னு எழுதுறா. நான் நடத்துனேன், மறுபடி நடத்துனேன், படம் போட்டேன், கத்தினேன். ஊஹூம். கடைசியா அவ கேட்டா, "அம்மா எப்படிச் சொல்லியிருப்பாங்க டீச்சர்?"

எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேனே. ஆனா சொல்லல. அவளே யோசிச்சு, டேப்லட்ட எடுத்துட்டு வந்தா. நான் வெளிய நிக்கிறேன்னு எந்திரிச்சேன், கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா.

தலையில துண்டோட நீ வந்தே. "வணக்கம் பிள்ளைங்களா"ன்னு சொல்லிட்டு ஒரு சப்பாத்தத் தூக்கிக் காமிச்சே. அவ துள்ளிட்டா. "என் சப்பாத்து! சாப்பாட்டு மேசையில வச்சிருக்காங்க! நான் வச்சா மட்டும் அப்படித் திட்டுவாங்க!" உன் மேல வந்த அந்தக் கோவத்தப் பாக்கணுமே, அப்படியே நீதான்.

பாதியில வழக்கமாச் சொல்றதச் சொன்னே. "இங்க நிறுத்திட்டு நீங்களே போட்டுப் பாருங்க. அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்." எத்தனை தடவை இத நான் உன்ன மாதிரியே பேசிக் காட்டிக் கேலி பண்ணியிருக்கேன். அன்னிக்கு என்னால நிமிர்ந்து பாக்க முடியல.

அவ நிறுத்துனா. போட்டா. நான் ஒண்ணும் சொல்லாம பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சரியா வந்துச்சு, கட்ட வேண்டிய விலையே வந்துச்சு. இனி நீ விடை சொல்ற பாகம் வரும், தொடுவான்னு பாத்தேன். தொடல.

"விடைதான் தெரிஞ்சுபோச்சே. மீதி அப்புறம், பெரியம்மா"ன்னா.

பள்ளிக்கூட கேட்டுக்குள்ள வந்தா உன்னையே அம்மான்னு கூப்பிடக்கூடாது, என்னைப் பெரியம்மான்னு கூப்பிடக்கூடாது, ரெண்டு பேரும் டீச்சர்னு நீ போட்ட சட்டம் எனக்கு மறக்கல. நான் திருத்தல. திருத்தமாட்டேன். சபைகூடலுக்கு மணி அடிச்சுது. கையில சப்பாத்தோட நீ திரையில அப்படியே நின்னுக்கிட்டு இருந்தே, நாங்க ரெண்டு பேரும் கீழ போனோம்.

அன்னிலேருந்து காலையில அவளுக்கு நான் பாடம் நடத்துறதில்ல. ஒவ்வொரு வீடியோவையும் நீ நிறுத்தச் சொல்ற இடம் வரைக்கும் பாக்குறா. அங்க நிறுத்திட்டு, தானே போட்டு, தானே விடை கண்டுபிடிக்கிறா. மீதிப் பாதியச் சேத்து வச்சுக்கிறா. இப்படி ஒரு மாணவிக்காகத்தானேடி நீ இந்த முறைக்கு இத்தனை வருஷம் என்கூட மல்லுக்கு நின்னே?

அந்த மீதிப் பாதியெல்லாம் தொலையாமப் பாத்துக்கிறது என் பொறுப்பு. படிச்சு முடிச்சுட்டோ, கல்யாணத்துக்கு முதல் நாளோ, அவளுக்கு உன் குரல் எப்ப வேணுமோ அப்ப எடுத்துக் கேக்கட்டும். அதுவரைக்கும் அவ நிறுத்துற இடத்துல எல்லாம் நான் பக்கத்துல இருப்பேன். வாயத் திறக்காம.

உன்னைவிட ஆறு மாசம் மூத்த அக்கா,
உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்துலயும் பெரியம்மா,
சாந்தி