இரண்டாம் சுற்றுக்கு வராத பெட்டி

என் அருமை வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா முழு நலம், உன் அண்ணன் முக்கால் நலம், நான் பார்வைக்கு நலம். நீ எங்கள் மூவருக்கும் சேர்த்து நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பெரிய ஆசை எதுவும் இப்போது கைவசம் இல்லை. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. ஃபோனில் சொல்லத்தான் நாலு தடவை ஆரம்பித்தேன். நாலு தடவையும் நடுவில் ஏதோ உளறி உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு வைத்துவிட்டேன். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது, எதிரில் சிரிக்க ஆள் கிடையாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை அவள் செய்வதில்லை, என்னைச் செய்யச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறாள். என் முழங்கால் இப்போது பிரமாதமாக இருக்கிறது. உன் அண்ணன் புது ஆபீஸில் சேர்ந்துவிட்டான், என்ன வேலை என்று மூன்று தடவை விளக்கினான், மூன்று தடவையும் புரிந்த மாதிரி தலையாட்டினேன், யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் சம்பந்தமா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். மாடி வீட்டு அக்கா ஓய்வு பெற்ற கையோடு வயலின் கற்றுக்கொள்கிறார், அவர் வில்லைக் கையில் எடுத்த நாளிலிருந்து எங்கள் கட்டடத்தில் ஒரு பூனையைக்கூடக் காணோம். நீ குளிரில் தலையை மூடாமல் போகிறாயாம், உன் படத்தைப் பார்த்து அம்மா சொன்னாள். மூடிக்கொண்டு போ. அழகு குறைந்தால் குறையட்டும், அது என் பக்கத்திலிருந்து வந்ததுதானே, பெரிதாக நஷ்டமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் சிநேகிதர் கடிகாரக் கடைக்காரர் செத்துப்போய்விட்டார் என்று நாலு மாதத்துக்கு முன்னால் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அப்போது பாதியைத்தான் சொன்னேன். மிச்சப் பாதி என்னோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. நான் சனிக்கிழமை மத்தியானம் போகும் மேசன் லாட்ஜைப் பற்றி, அந்த ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றி, உனக்குத் தெரியும். இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு பத்திருபது பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று உன் அம்மா இருபது வருஷமாகக் கேட்கிறாள். மூலைமட்டமும் கவராயமும் மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து, நேர்மையாக இரு, நாவை அடக்கு, பக்கத்தில் இருப்பவனைத் தாங்கு என்று ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுகிறோம், பிறகு டீ குடிக்கிறோம், அவ்வளவுதான். கேலியாகச் சொல்கிறேனே தவிர, அம்மா காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்த ஏப்ரன்காரர்கள்தான் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். பல் டாக்டர் நம் வீட்டுப் பாத்திரம் துலக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பல்லைப் போலவே துலக்கினார், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம்.

அந்தப் பல் டாக்டர்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடிகாரக் கடைக்காரரை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று பேரைக் கொடுத்தார். புதிதாக ஒருவரைச் சேர்க்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு மரப்பெட்டி சுற்றி வரும். தட்டில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் கிடக்கும், ஒன்றைக் கைக்குள் மூடி எடுத்துப் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டுப் போட்டுவிட வேண்டும். வெள்ளை சம்மதம், கறுப்பு மறுப்பு. யார் எதைப் போட்டார் என்று யாரும் கேட்கக்கூடாது, யாரும் சொல்லவும் கூடாது. எல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் ஆள் உள்ளே வரலாம். ஆனால் ஒரே ஒரு கறுப்பு விழுந்திருந்தால், யாருக்காவது கை தவறியிருக்கும் என்று பெட்டியை இன்னொரு சுற்று விடுவது வழக்கம். இந்த இரண்டாம் சுற்றுதான் என்னைக் கெடுத்தது. முதல் சுற்றில் ஒரு கறுப்பைப் போட்டுப் பல் டாக்டரின் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் வெள்ளையைப் போட்டுவிடலாம், டீ குடிக்கும்போது சிரிக்க ஒரு விஷயம் ஆச்சு என்று உன் அப்பாவின் மேலான மூளைக்குத் தோன்றியது. போட்டேன். டொக் என்று ஒரு சத்தம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே சத்தம்தான்.

தலைவர் பெட்டிக்கு அடியில் இருக்கும் இழுப்பறையைத் திறந்து பார்த்து, ஒரு கறுப்பு இருக்கிறது, பெட்டி இன்னொரு முறை வரட்டும் என்றார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். பல் டாக்டர் எழுந்தார். முகம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வெளுத்திருந்தது. "என் ஆளை ரெண்டாந்தரம் நிறுத்தி வேடிக்கை பார்க்க நான் விடமாட்டேன், பேரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த நிமிஷம் நான் எழுந்து, ஐயா அது விளையாட்டு, என் கை என்று சொல்லியிருக்கலாம். விதியை மீறியதற்கு என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள், அவரை உள்ளே எடுத்திருப்பார்கள். எழுந்திருக்கக் காலை ஊன்றினேன். பிறகு ஷூ லேஸைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எல்லோரும் எங்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரரைத்தான் பார்த்தார்கள். அவருக்குக் கை நடுங்கும், அதனால் பெட்டிக்குள் கை கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. போதாக்குறைக்கு அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சுவர்க்கடிகாரத்தைச் சரியாகப் பார்த்துத் தரவில்லை என்று கடிகாரக் கடைக்காரரோடு வாக்குவாதம் செய்திருந்தார். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதானே விதி. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, சந்தேகம் கடைத்தெரு வரைக்கும் கசிந்தது. கடிகாரக் கடைக்காரரோ அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் காத்திருந்தவர், செய்தி கேட்டதும் நேரே என்னிடம்தான் வந்தார். "யோவ், உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்கு என்னைப் பிடிக்கலை போல. விடு. நீ இருக்கியே, அது போதும்" என்றார். நான் அவர் தோளில் தட்டிக்கொடுத்தேன். பெட்டிக்குள் போன அதே கையால்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, பத்து மணி இருக்கும், அவருக்கு மார்பில் வலி வந்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று நினைத்துக்கொண்டு மாத்திரை வாங்க நடந்திருக்கிறார். மருந்துக்கடை அவர் கடையிலிருந்து எட்டாவது கதவு. அதைத் தாண்டி, சிக்னலையும் தாண்டி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவிதான் சொன்னார், "மூணு வருஷமா அந்த ஆள் கடை வாசலை மிதிக்க மாட்டேன்னுட்டாரு அண்ணே. அன்னைக்கு மட்டும் உங்க லாட்ஜுல அந்த மனுஷன் தடுக்காம இருந்திருந்தா, பக்கத்துலயே மாத்திரை வாங்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. விழுந்தாலும் மருந்து தெரிஞ்ச ஆள் எதிர்லயாவது விழுந்திருப்பாரு" என்று. அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். நான் தலையை ஆட்டினேன். வாண்டு, நான் தலையை ஆட்டினேன்.

அதிலிருந்து எனக்கு வீடு வீடாக இல்லை. அம்மா பட்டாணி உரித்துக் கிண்ணத்தில் போடும்போது டொக் டொக் என்று கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன், பட்டாணி மேல் எனக்கு என்ன கோபம் என்று அவளுக்குப் புரியவில்லை. கடிகாரக் கடையைப் பூட்டிவிட்டார்கள், ஆனால் உள்ளே பேட்டரிக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ஷட்டரைத் தாண்டிப் போனால் ஒன்று அடிக்கும், அது முடிந்ததும் இன்னொன்று தொடங்கும், ஐந்தாறு நிமிஷத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருக்கும். நல்ல வெயிலில் நடுத்தெருவில் நின்று கேட்டிருக்கிறேன், உடம்பு குளிர்ந்துபோகிறது. லாட்ஜில் போன மாதம் ஒரு தபால்காரரைச் சேர்க்கப் பெட்டி வந்தது. கையை உள்ளே விட்டேன். உள்ளே இன்னொரு கை இருக்கிற மாதிரி இருந்தது. பிடிக்கவில்லை, தள்ளவில்லை, சும்மா இருந்தது. தபால்காரருக்கு வெள்ளைதான் போட்டேன், ஆனால் தலைவர் இழுப்பறையைத் திறக்கிறவரை எனக்கே நிச்சயமில்லை.

இப்படியே இருந்திருப்பேன், மருந்துக்கடைக்காரர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவின் மாத்திரை வாங்கப் போனேன். கடையில் யாரும் இல்லை. கடையை விற்கப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். சீட்டைப் படித்து மாத்திரை எடுத்தால் மூன்று தடவை சரிபார்க்கிறாராம், அப்புறமும் பயமாக இருக்கிறதாம். "சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்கு நான் வெள்ளையைத்தான் எடுத்தேன்னு நினைக்கிறேன். ஆனா என் கையை எனக்கே நம்ப முடியலை. தவறிக் கறுப்பு விழுந்திருக்கும். அந்த மனுஷன் செத்த அன்னைக்குக் காலைல என் கடை வாசல்லதான் நடந்து போனாரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. நான் பார்த்தேன். கூப்பிட வாய் வரலை, என்ன முகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்றார். பேசும்போது இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். எனக்கு வழக்கம்போல ஒரு கேலி தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நான் சொன்னேன், அது உங்கள் கை இல்லை, என் கை.

அவர் கைகளை மேஜைமேல் எடுத்து வைத்துப் பார்த்தார், நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. "எதுக்கு சார்?" என்று கேட்டார். விளையாட்டுக்கு என்றேன். "விளையாட்டுக்கா" என்றார். பிறகு அம்மாவின் சீட்டை எடுத்தார், ஒரே ஒரு தடவை படித்தார், மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். என்னைப் போகச் சொன்னார். நான் வெளியே வந்ததும் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. அந்த வாரச் சனிக்கிழமை லாட்ஜிலும் எழுந்து சொன்னேன். ஒரு வருஷம் வாசலுக்கு வெளியே என்று தீர்ப்பு. ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு ஒரு பல் பாதி அடைத்த நிலையில் இருக்கிறது, கதவருகில் பல் டாக்டர் என்னை நிறுத்தி, "பல்லுக்கு வாங்க. பேச வராதீங்க" என்றார். நியாயம்தான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க உன் அப்பாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் போன சனிக்கிழமை மருந்துக்கடைக்காரரின் பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர் போய் உட்கார்ந்தாராம், கடையை விற்கிற பேச்சும் நின்றுவிட்டதாம். இதைச் சொன்னது தபால்காரர். அவர் லாட்ஜ் ரகசியம் எதையும் காப்பாற்ற இன்னும் பழகவில்லை. நாளைக் காலை கடிகாரக் கடைக்காரரின் மனைவியைப் பார்க்கப் போகிறேன். இனி அண்ணே என்று கூப்பிட மாட்டார். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு வருகிறாளாம், முழங்கால் வலியோடு.

எல்லோரிடமும் விளையாட்டு என்றுதான் சொன்னேன். உனக்கு மட்டும் மீதியைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உன்னைப் பற்றியது. பெட்டி சுற்றியதற்கு முந்தின நாள் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கடிகாரக் கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, "இவன் வாய்க்குப் பயந்துதான்யா இவன் பொண்ணு அவ்வளவு தூரம் ஓடிப்போயிருக்கா" என்றார். அன்று சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது. எல்லோரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். மறுநாள் தட்டிலிருந்து கறுப்பை எடுத்தபோது அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது. வேடிக்கைக்காகத்தான் எடுத்தேன் என்று இன்னமும் சத்தியம் செய்வேன். ஆனால் பெட்டி மறுபடி வந்திருந்தால் வெள்ளையைப் போட்டிருப்பேனா என்று கேட்டால், போட்டிருப்பேன் என்று சொல்ல வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பெட்டி வரவே இல்லையே வாண்டு. இனி எனக்கு எப்படித் தெரியும்?

எங்கே இருந்தாலும் உன் பக்கத்தில் நல்ல மனிதர்கள் உட்காரட்டும், நீயும் யார் பக்கத்திலாவது போய் உட்கார். நன்றாக இரு, நிறைந்து இரு. அந்த மனிதர் டீக்கடையில் சொன்னது உண்மையா என்று எழுது. அப்பா வருத்தப்படுவாரே என்று வெள்ளை பூசாதே, சீக்கிரம் எழுது.

உன் வரவுக்கும் வரிக்கும் காத்திருக்கும்,
அப்பா