இரண்டாம் பக்கம் முதலில்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைப் போன வாரம் தொலைபேசியில் உன் குரலே சொல்லிவிட்டது, அதனால் உன் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. உங்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் நீ மட்டும் கீபோர்டில் வாசித்திருக்கும் அந்த அமைதியான உருப்படியை எங்கே வைப்பது என்று கேட்டாய். அதைக் கேட்டால் ஆள் தூங்கிவிடுவான், தூக்கிவிடலாம் என்று உங்கள் டிரம்ஸ்காரர் சொல்கிறார் என்றும், மாதக் கடைசிக்குள் வரிசையை முடிவுசெய்ய வேண்டும் என்றும் சொன்னாய். பார்க்கலாம் என்று நழுவிவிட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுவும் சந்தேகம்.

நம் வீட்டு ஜாஸ் ஃப்யூஷன் கேசட் உனக்கு மறந்திருக்காது. அந்த மூத்த கீபோர்டுகாரர் வயதான பிறகு போட்டது, உலகம் சீந்தாதது, நானும் அப்பாவும் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அதன் அசல் இசைத்தட்டைப் பழைய கடையிலிருந்து வாங்கி வந்தார். ஊசியை வைத்ததும் டிரம்ஸும் சிந்தசைசரும் தடதடவென்று கிளம்பின. நாம் எப்போதும் முதலில் கேட்ட அந்தத் தனி எலக்ட்ரிக் பியானோ இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் நண்பர் வீட்டில் அதைப் பதிவுசெய்த அப்பா, கேசட்டின் இரண்டு பக்கச் சீட்டுகளையும் மாற்றி ஒட்டியிருக்கிறார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை வருஷமா தலைகீழா கேட்டுட்டு, எங்களுக்கு ரசனையே இல்லைன்னு வேற சொன்னீங்களே அண்ணி!" என்றார். அப்பா அசரவில்லை. "நான் ஒட்டினது சரிதான்டா, அந்தாளுதான் மாத்திப் போட்டுட்டாரு" என்றார்.

சித்தப்பா போன பிறகு துணி மடித்துக்கொண்டே சரியான வரிசையில் முழுதும் கேட்டேன். அத்தனை ஆரவாரத்துக்குப் பின் வரும்போது அந்தப் பியானோ, களைத்துப்போன மனிதர் நாற்காலி தேடுவதுபோல் இருந்தது. வயதானவர் இளமை காட்டப் பார்க்கிறார் என்று அன்று பத்திரிகையில் எழுதிய விமர்சகர்கள் மேல் முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் தட்டைத் திருப்பும் வரைகூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். பிறகு நம் வரிசையில் கேட்டேன். அதே ஸ்வரங்கள்தான். பெடல் கிரீச்சிடுவது, ஓரிடத்தில் விரல் தயங்குவது, எல்லாம் எடுத்த எடுப்பிலேயே காதில் விழுந்துவிடுகின்றன. அந்தக் கையைத் தெரிந்துகொண்ட பிறகு அது என்ன ஆர்ப்பாட்டம் செய்தாலும் தெரிந்தவர் செய்கிற ஆர்ப்பாட்டமாகிவிடுகிறது.

புள்ளியியல் படித்தவள் நான், ஒரே வீட்டின் காதை வைத்து விதி எழுத மாட்டேன். இதில் பழக்கம் எவ்வளவு, ரசனை எவ்வளவு என்று பிரிக்கவும் தெரியவில்லை. ஆனாலும் நீ கேட்டாய், நழுவாமல் சொல்கிறேன். அதைத் தூக்காதே, முதலில் வை. தூங்குகிறவன் தூங்கட்டும். உன்னை யாரென்றே தெரியாதவர்கள் கேட்கப்போகிறார்கள், முதலில் உன் கையைத் தெரிந்துகொள்ளட்டும்.

நீயும் உன் பத்து விரல்களும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டால், அப்பா சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா