உன் பெயர் உட்கார்ந்திருந்த இடம்

குட்டா,

இன்று காலை கடையின் சர்வர் அறையைத் துடைக்கக் கதவைத் திறந்தேன். ஏசிக் குளிரோடு சூடான வயர் வாசனை அடித்தது. வேலை முடிந்து நீ வரும்போது உன் சட்டையில் வரும் அதே வாசனை. மாப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அண்ணாச்சியின் மசாலா மொத்தக் கடைக்கு அந்த சர்வர் மெஷினைக் கொண்டுவந்தவன் நீதான். வீட்டுக் கம்ப்யூட்டரைவிடப் பெரிசு, பேங்கில் இருப்பதைவிடச் சின்னது என்றாய். சரக்குக் கணக்கெல்லாம் அதற்குள் இருக்கும், பில் போடும் கம்ப்யூட்டர் அதை எடுக்க நடுவில் டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டும், அதற்கு லைசென்ஸும் வேண்டும். எதை வாங்குவது என்று எத்தனை நாள் மண்டையை உடைத்தாய்! குற்றாலத்தில் பரோட்டா தின்னும்போதுகூட அதே பேச்சு.

"ஏக்கா, இந்தக் கடையில எத்தன நாக்காலி கெடக்கோ அத்தன பேருதான ஒரே நேரத்துல திங்க முடியும்? ஒருத்தன் எந்திச்சாத்தான் அடுத்தவன் உக்காரலாம். லைசென்ஸும் அப்படித்தான், ஒரே நேரத்துல இத்தன பேருதான் மெஷினுக்குள்ள போவலாம். கடையவே மொத்தமாப் புடிக்க லைசென்ஸும் இருக்கு. நம்ம அண்ணாச்சிக்கு அது எதுக்கு?"

"ஒருத்தன் எந்திக்கவே மாட்டேன்னா?"

"உன்ன மாதிரி ஆள விட்டு ஏசச் சொல்ல வேண்டியதுதான்" என்று சிரித்தாய். நாற்காலிக் கணக்கு லைசென்ஸையே வாங்கினாய்.

அடுத்த சாரல் சீசனில் குற்றால அருவியில் வந்த வெள்ளம் உன்னைக் கொண்டுபோனது. உன் உடம்பைத் திருப்பித் தந்தது. தோளில் கிடந்த லேப்டாப் பையைத் தரவில்லை.

ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். உன் போன் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள்.

போன வாரம் சுரண்டைக் கிளையில் பில் போட முடியவில்லை. உள்ளே இடமில்லை என்று திரையில் வந்ததாம். திருநெல்வேலியிலிருந்து புது இன்ஜினியர் வந்து, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திரையில் எடுத்தார். பில் போடும் பாத்திமா "யா அல்லா" என்று எழுந்துவிட்டாள். முதல் வரியில் உன் பெயர்.

"பயப்படாதீங்க. பழைய டிரைவர் அவரு பேர்லயே உள்ள போவுது, அவ்வளவுதான்" என்று சிரித்தார் இன்ஜினியர். புது டிரைவர் போட்டார். உன் பெயரையும் அழித்தார். சுரண்டையில் பில் ஓடியது.

இன்று மறுபடியும் நின்றுபோனது. இன்ஜினியரை வரவழைத்தார்கள். முதல் வரியில் திரும்பவும் நீ. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதும் பக்கத்தில் தெரியும். அங்கே என் பெயர் இருந்தது. உன் லேப்டாப்புக்கு நீ வைத்த பெயர் அது.

இன்ஜினியர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அழிச்ச பேரு எப்படி உள்ள வரும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சுரண்டையில ஆளுவ காத்து நிக்காவ. ஆனா நீ சொல்லாம நான் தொடமாட்டேன். மொத்த மெஷினுக்கும் லைசென்ஸ் எடுத்துட்டா அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போவான். இல்ல, அவன் லைன வெட்டிரச் சொல்லவா?"

இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குட்டா. உன் பெயர் இருக்கும் கடைசி இடம் அது. ஆனால் அந்த இருட்டுத் தண்ணீருக்குள் நீ குனிந்து உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்துவிட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி. அவன் அங்கன கெடந்து இன்னமும் வேல பாக்க வேண்டாம். வெட்டிருங்க" என்றேன்.

இன்ஜினியர் ஒரு பட்டனைத் தட்டினார். உன் வரி போய்விட்டது. கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். தட்டை மூடிவைத்துவிட்டேன். 'வெட்டிருங்க' என்ற சொல் இன்னும் வாயிலேயே கிடக்கிறது. நான் இருக்கிற வரைக்கும் கிடக்கும்.

அந்தப் பக்கம் உன் திரையில் என்ன வந்தது, குட்டா? கடைக்காரர்கள் வெட்டினார்கள் என்றா, அக்கா வெட்டினாள் என்றா?