எமனுக்கு மலாய் தெரியாது

என்னங்க,

முப்பத்தாறு வருடமும் இப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே ஆஸ்பத்திரியில் ஃபாரம் நிரப்பிய அன்றுதான். பெயர் போட்டு எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கும். அதனால் இந்தக் கடிதத்திலும் என்னங்கதான்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பரிசோதனையெல்லாம் முடிந்தது. திருச்சி விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கவிதா காப்பி வாங்கப் போயிருக்கிறாள். நீங்கள் என் மடியில் இருக்கிறீர்கள், மஞ்சள் துணி சுற்றிய சின்ன மண்கலயத்தில்.

மற்ற அஸ்தியையெல்லாம் கிள்ளான் கடலில் அப்போதே கரைத்தாயிற்று. ஒரு பிடி மட்டும் எடுத்து வைத்திருந்தேன். ராமேஸ்வரம் போகணும், போகணும் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினோமே, அதற்காக.

"அம்மா, பெரிய பெட்டியில வச்சிடலாமா? செக்கிங்ல துணியை அவுக்கச் சொன்னா உங்களால தாங்க முடியாது" என்றாள் கவிதா.

"உங்கப்பாவப் பெட்டியில போட்டு அனுப்புறதா? கையிலதான் வருவாரு" என்றேன். அவள் சொன்ன பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு தடவை நம் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்ததே, அதிலிருந்து நான் யாரை நம்பினேன்?

என் கைப்பையால் நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? பித்தளை முறுக்குக் குழலைத் திரையில் பார்த்துவிட்டு நாலு ஆபீசர் கூடினார்கள். திருச்சியில் வாங்கிய குழவிக்கல்லை ஒரு கையால் தூக்கப் பார்த்து, அந்த ஊர் ஆபீசர் "என்னம்மா இது!" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் மட்டும் எப்போதும் பக்கத்து வரிசையில். இந்தம்மா யாரோ, எனக்குச் சம்பந்தமே இல்லை என்கிற முகத்தோடு நிற்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் விபூதி கொண்டுபோன அன்றைக்கு உங்களாலும் தப்ப முடியவில்லை.

கவிதாவுக்குக் கடல் தாண்டிக் கூச்சிங்கில் டீச்சர் வேலை கிடைத்த வருடம். புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் பூஜைக் கடையில் ஒரு கிலோ விபூதி வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்தேன். ஒரு கிலோ வெள்ளைப் பொடி! அதுவும் போதைப்பொருளுக்குத் தூக்கு என்கிற இந்த நாட்டில். அந்த மலாய்க்கார ஆபீசர் பையைத் தூக்கிப் பிடித்து "அபா இனி, ஆன்டி?" என்று, இது என்னவென்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

மலாயில் சாம்பலுக்கு அபு என்று தெரியும். அபு சாமி என்று சொல்லியிருந்தால் போதும். பயத்தில் சாமிக்கு மரியாதை கூடிப்போய், "அபு சுவாமி" என்று சொல்லித் தொலைத்தேன். மலாயில் சுவாமி என்றால் புருஷன். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில்தானே இருக்கிறேன், தெரியாதா எனக்கு? அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

அவர் முகம் மாறிவிட்டது. பையை இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே வைத்தார். "தக்சியா, ஆன்டி" என்று தலைகுனிந்து துக்கம் விசாரித்தார்.

பக்கத்து வரிசையில் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "யாரு செத்துட்டா? எதுக்கு தக்சியா சொல்றாரு?"

"நீங்கதாங்க" என்றேன்.

விமானம் இறங்கும்வரை சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் முகூர்த்தம் பலித்துவிடுமோ என்ற பயம். கூச்சிங்கில் இறங்கியதும் முதலில் கோயிலுக்குத்தான் போனேன். கவிதாவை விட்டு உங்கள் பெயர் சொல்ல வைத்து அர்ச்சனை செய்தேன். அப்போதும் நீங்கள் விடவில்லை. "எமனுக்கு மலாய் தெரியாது லா, விடு" என்றீர்கள்.

போன வருடம் ஒரு காலையில், நீங்கள் ஓட்டிய ஸ்கூல் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எங்கே கற்றுக்கொண்டான் அவன் மலாய்?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கவிதாவிடம்கூட. அன்றிலிருந்து சுவாமி என்ற அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அலுவலகங்களில் இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று கேட்டால், பேப்பரை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். நம் தெருமுனை டீக்கடை அண்ணன் போன மாதம்கூடப் பழக்கத்தில் இரண்டு தே தாரிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார். பரவாயில்லை அண்ணே என்று இரண்டையும் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் பங்கில் சீனி அதிகம்.

இன்றைக்கு என் செருப்பும் நீங்களும் ஒரே தட்டில் போக எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குத் தனித் தட்டு எடுத்தேன். பெல்ட் நகர்ந்தது, நின்றது. முக்காடு போட்ட சின்னப் பெண் ஒருத்தி கலயத்தைக் காட்டி "அபா இனி, ஆன்டி?" என்றாள். அதே கேள்வி.

"அபு" என்றேன். மேற்கொண்டு வரவில்லை.

"ஓ, அபு சாமி!" என்று அவளே சிரித்தாள். நம் ஆட்கள் கொண்டுபோகும் விபூதியை எத்தனை முறை பார்த்தாளோ. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் துணியைத் தொடாமலே விட்டிருப்பாள். கவிதா பின்னால் பேப்பர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உங்களைப் போய் விபூதிப் பொட்டலமாகக் கொண்டுபோவதா?

"புக்கான் சாமி" என்றேன். சாமி இல்லை, அம்மா. "சுவாமி. சுவாமி சாயா." என் புருஷன்.

சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். அந்தப் பெண் பேப்பர்களைப் பார்த்தாள். துணிக்கு மேலேயே ஒரு கருவியால் தடவினாள், அவிழ்க்கச் சொல்லவில்லை. கலயத்தை இரண்டு கையாலும் எடுத்து என் கையில் கொடுத்து, "தக்சியா, ஆன்டி" என்றாள். இந்த முறை அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யார் இருப்பார்? இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் என்னோடு ஒரே வரிசையில் வந்திருக்கிறீர்கள்.

அன்று வாய் தவறிச் சொன்னேன். இன்று தெரிந்தே சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை, இல்லையா? எமனுக்கு மலாய் தெரியாது என்று நீங்கள் அன்று சொன்னதை இன்றைக்குத்தான் பாதியாவது நம்புகிறேன்.

கவிதா வருகிறாள், முடித்துக்கொள்கிறேன். நாளைக்கு உங்களைக் கடலில் விட்டுவிட்டுக் கோயிலில் விபூதி வாங்குவேன். கைப்பையில்தான் கொண்டுவருவேன். யார் கேட்டாலும் "அபு சாமி" என்று நிறுத்தி, நிதானமாகச் சொல்வேன். இன்னொரு தரம் வாய் தவறி உங்களைச் சாகடிக்க மாட்டேன். இது சத்தியம்.

பக்கத்து வரிசையில் நின்றாலும் உங்கள் மனைவியேதான்,
சரசு